காலருக்குள் ஒரு பெயர்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சட்டைக் காலருக்குள் லேபிள் வைக்கும்போது அதில் சட்டையைப் போடுகிறவர் பெயரை எழுதமாட்டோம். துணி எடுத்துக் கொடுத்தவர் பெயரைத்தான் எழுதுவோம். கல்யாண வீடுகளால் வந்த வழக்கம் இது. ஒருவர் இருபது பேருக்குத் துணி எடுப்பார். இருபது பேரும் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சட்டை தயாரானதும் கடை வாசலில் வந்து நின்று, "நம்மளோடது எல்லாத்தையும் எடுங்க" என்று கேட்கிறவர் துணி எடுத்தவர்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் பெயரெல்லாம் அவருக்கே தெரியாது. அதனால் அவர் பெயரை ஒரு விரல் அகல நாடாவில் சிவப்பு நூலால் தைத்து, காலருக்குள் வைத்துவிடுவாள் என் மனைவி. முப்பத்தோரு வருடமாக யாரும் குறை சொன்னதில்லை. தன் பிடரியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரியத்தில் இதை நான் நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான்கு தடவையும் அவர்கள் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினார்கள்.

நோட்டீஸ் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. தெருமுனையில் வரிசையாக எட்டுக் கடைகள். எங்களுடையது மூன்றாவது. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை, அதுதான் வீடு. இடம் நகரசபைக்குச் சொந்தம். அங்கே இருபத்திரண்டு மாடிக் கட்டடம் வரப்போகிறது என்றும், தேர்தல் முடிந்து வருகிற புது மேயர் கையெழுத்துப் போட்டதும் வேலை தொடங்கும் என்றும், ஆட்சேபம் இருந்தால் தொண்ணூறு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றும் அதில் இருந்தது. மனைவி இரண்டு முறை படித்தாள். பிறகு அதை மடித்துத் தையல் மிஷின் டிராயருக்குள் பாபின்களோடு போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து காஜா எடுக்க ஆரம்பித்தாள்.

பதினோரு மணிக்கு மாடியார் வந்தார். ஊரில் எங்கே நின்று அண்ணாந்து பார்த்தாலும் அவர் கட்டிய மாடிதான் கண்ணில் படும். அதனால் அவருக்கு அந்தப் பெயர். இருபத்திரண்டு மாடியும் அவருடையதுதான். காரிலிருந்து மூன்று பெரிய பைகளை டிரைவர் இறக்கி வைத்தார். ஒன்றில் வெள்ளைத் துணி, ஒன்றில் நீலம், ஒன்றில் சந்தன நிறம்.

"அண்ணே, ஒவ்வொரு கலர்லயும் ஆறு சட்டை. மொத்தம் பதினெட்டு. அளவு கொடுக்க ஆள் வருவாங்க" என்றார்.

"நோட்டீஸ் வந்திருக்குங்க" என்றேன்.

"தெரியும்ணே. நானும் பாத்தேன். மனசே சரியில்ல." உண்மையிலேயே அவர் முகம் வாடியிருந்தது. ஆடு நனையுதே என்று ஓநாய் அழுததாம். "ஆனா கடைய இடிக்கிறது வேற, சட்ட தைக்கிறது வேற. நம்ம பழக்கம் வேற. உங்க கை மாதிரி வருமா?"

பதினெட்டுச் சட்டை என்பது நல்ல வேலை. வாங்கிக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாம் மரத்துப் போயிருந்தது. கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரியும், வலி மட்டும் இராது.

அளவு கொடுக்க வந்தவர்களைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. மேயர் தேர்தலில் நிற்கிற மூன்று பேரும் வந்தார்கள். ஒரே நாளில் இல்லை, மூன்று நாளில்.

முதலில் டாக்டர். அவருக்கு வெள்ளை. மார்பைச் சுற்றி அளவு நாடாவைப் போட்டதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கடைங்க மேல ஒரு செங்கல் விழ விடமாட்டேன்" என்றார். மார்பு இரண்டு அங்குலம் கூடிவிட்டது. "மத்த ரெண்டு பேரும் மாடியார் ஆளுங்க. உங்களுக்கே தெரியும்."

இரண்டாவது நாள் வாத்தியார். அவருக்கு நீலம். அவரும் நாடா மார்பில் ஏறியதும்தான் வாய் திறந்தார். "உங்க மாதிரி உழைக்கிறவங்கள வெளியேத்தி ஒரு கட்டடம் வருதுன்னா, அந்தக் கட்டடம் எனக்குத் தேவையே இல்ல. மத்த ரெண்டு பேரும் யாரு கையில இருக்காங்கன்னு விசாரிச்சுப் பாருங்க."

மூன்றாவது நாள் வக்கீல். சந்தன நிறம். அவர் வித்தியாசமாக, இடுப்பை அளக்கும்போது வாக்குறுதி கொடுத்தார். பிறகு, "எனக்குச் சட்டைல பையே வேண்டாம். மடியில கனமில்லாதவனுக்கு எதுக்குப் பை? ஜனங்க பாக்கட்டும்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "உள்பக்கமா ஒண்ணு வச்சிடுங்க" என்றார்.

அன்று மாலை மனைவி பதினெட்டு லேபிள்களையும் தைத்து முடித்து, ஊசியைத் தலைமுடியில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, மூணு பேரும் கடைய இடிக்க விடமாட்டேன்றான். மூணு பேருக்கும் இடிக்கிறவன்தான் துணி எடுத்துக் கொடுக்கிறான். இதுல எவனுக்குங்க நாம ஓட்டுப் போடறது?"

"எவனுக்குப் போட்டா என்ன?"

"அப்படிச் சொல்லாதீங்க. நமக்குப் போறதுக்கு இடமில்ல. போஸ்டர் ஒட்டியிருக்கான் பாருங்க, அங்க போய்ச் சொல்லுங்க."

போஸ்டர் எங்கள் கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. 'வேட்பாளர் தொடர்பு ஆய்வு வாரியம். வேட்பாளருக்கும் பணக்காரருக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தால் எங்களோடு தொடர்பு கொள்ளுங்கள்' என்று போட்டு, கீழே ஒரு பெரிய கண். முகவரியும் இருந்தது. மாடியார் கட்டடம், பதினோராவது மாடி.

போனேன். வாரியத்தில் சுவரெல்லாம் கண்ணாடி. வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று அப்படிக் கட்டினார்களாம். பிறகு உள்ளே நடப்பது வெளியே தெரிகிறது என்று கண்ணாடி முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டார்கள். பதிவாளர் ஓர் அம்மா, கண்ணாடி போட்டவர், குரல் இதமாக இருந்தது. டோக்கன் வாங்கச் சொன்னார். வாங்கினேன். என்னைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் என் எண் வருகிறவரை நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வாரியம் ஏன் மாடியார் கட்டடத்துல இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் கேக்கற கேள்விதான். வாடகை கொடுத்தா அவருக்கும் எங்களுக்கும் கொடுக்கல் வாங்கல்னு ஆயிடும் பாருங்க. அதனால நாங்க வாடகையே கொடுக்கறதில்ல. அந்த விஷயத்துல வாரியம் ரொம்பக் கறார்" என்றார்.

படிவம் கொடுத்தார். தொடர்புகள் நாற்பத்தொரு வகை. ரத்தத் தொடர்பு, கல்யாணத் தொடர்பு, சாப்பாட்டுத் தொடர்பு, விமானத் தொடர்பு, நீச்சல் குளத் தொடர்பு என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. துணி இல்லை.

"இதுல சட்டை இல்லையே மேடம். 'மத்தவை'ன்னு ஏதாவது கட்டம் உண்டா?"

"இருந்துச்சு. எல்லாரும் அதுலயே எழுதினாங்க. எடுத்துட்டோம்."

கடைசியில் 'படுக்கை, போர்வை' என்ற கட்டத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். இதுவரை எத்தனை புகார் வந்திருக்கிறது என்று கேட்டேன். பதினோரு வருடத்தில் நானூற்று ஆறு என்றார். எத்தனை நிரூபணமாயிற்று என்று கேட்டதற்கு, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு முறையை விளக்கினார்.

"ரெண்டு பேரையும் கூப்பிட்டு, உங்களுக்குள்ள தொடர்பு உண்டான்னு கேப்போம். ரெண்டு பேரும் இல்லன்னா, இல்ல."

"ஒருத்தர் உண்டுன்னு சொல்லி, இன்னொருத்தர் இல்லன்னா?"

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலன்னு அர்த்தம். ஒத்துப்போகாதவங்களுக்குள்ள என்ன தொடர்பு இருக்கப் போவுது?"

"ரெண்டு பேரும் உண்டுன்னா?"

"அது வெளிப்படைத்தன்மை. பாராட்டுக் கடிதம் அனுப்புவோம்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அப்போதுதான் அவர் படிவத்தில் 'லேபிள்' என்ற இடத்தைப் படித்தார். நிமிர்ந்தார். "பேரு எழுதியா இருக்கு?" என்றார். ஆமாம், சிவப்பு நூலில் என்றேன். உள்ளே போய் இன்னும் இரண்டு பேரை அழைத்து வந்தார். அவர்கள் இன்னும் ஒருவரை அழைத்து வந்தார்கள். பதினோரு வருடத்தில் அவர்களிடம் எழுத்தில் ஒரு ஆதாரம் வந்ததே இல்லையாம். எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். லேபிள் வழக்கத்தை நான் முதல் தடவை சொன்னது அன்றுதான்.

மனைவி தன் கையால் எழுதிக் கொடுத்திருந்த ஆட்சேபக் கடிதமும் என் பையில் இருந்தது. கடையும் வீடும் போனால் எங்களுக்கு வேறு போக்கிடமில்லை என்று இரண்டே வரி. அதை நகரசபையில் கொடுக்கப் போகிறேன் என்றதும் பதிவாளர் அம்மா பதறிப் போனார். "தனியா கொடுக்காதீங்க, தொலைஞ்சிடும். இதோடவே சேத்துக் குத்தி வச்சிடறேன். விசாரணை முடிஞ்சதும் நாங்களே அனுப்பிடுவோம்." புகாரோடு சேர்த்துக் குத்தினார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. அவருடைய குரல் அப்படி.

விசாரணையை நோட்டீஸ் வந்த எண்பத்தெட்டாம் நாள் வைத்தார்கள். அதற்குள் டாக்டர் வெள்ளைச் சட்டையிலும் வாத்தியார் நீலச் சட்டையிலும் வக்கீல் சந்தனச் சட்டையிலும் தெருத்தெருவாகப் போய் எங்கள் கடைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டைகள் நன்றாக உட்கார்ந்திருந்தன. அதை நான் மறுக்கமாட்டேன்.

விசாரணை அறையில் ஒரு திரை கட்டியிருந்தார்கள். காலரைத் திருப்பிப் பார்ப்பது வேட்பாளரின் மானம் சம்பந்தப்பட்டது என்பதால் அது திரைக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். அதற்கென்று காலர் ஆய்வாளர் என்று ஒருவரைப் புதிதாக நியமித்திருந்தார்கள். கையில் பூதக்கண்ணாடி. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொரு முறையும் ஆய்வாளர் வெளியே தலையை நீட்டி மாடியார் பெயரைச் சத்தமாகப் படித்தார். மூன்று முறை. சுருக்கெழுத்தாளர் மூன்று முறை எழுதினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். நானும் கொஞ்சம் நினைத்தேன்.

வாரியத் தலைவர் வயதானவர், நெற்றி அகலம், பேச்சு நிதானம். வேட்பாளர்களிடம் விளக்கம் கேட்டார்.

டாக்டர் எழுந்தார். "ஐயா, மருத்துவ ரீதியா ஒண்ணு சொல்றேன். மனுஷனால தன் பிடரியப் பாக்க முடியாது. எனக்குத் தெரியாத ஒரு எடத்துல இருக்கிற பேருக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? நாளைக்கு என் ஈரல்ல ஒரு பேர் எழுதியிருந்தா?"

வாத்தியார் எழுந்தார். "நான் மக்கள் கொடுத்ததைத்தான் போடறேன். மாடியாரும் மக்கள்தானே? பணக்காரர்ங்கறதுக்காக ஒருத்தரை மக்கள்லேருந்து ஒதுக்கறது என்ன நியாயம்? வகுப்புல அப்படி நான் சொல்லிக் கொடுக்கலையே."

வக்கீல் எழுந்திருக்கவே இல்லை. "பேர் எந்தப் பக்கம் பாத்திருக்கு? உள்பக்கம். என் தோலைப் பாத்து. என் தோலுக்கும் ஒரு பேருக்கும் நடுவுல இருக்கறது என் அந்தரங்கம். இதுல வாரியம் தலையிட முடியாது."

தலைவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, மாடியாரைக் கூப்பிடச் சொன்னார். அவர் பன்னிரண்டாவது மாடியிலிருந்து இறங்கி வந்தார். வந்ததும் ஏ.சி. போதுமா, கூட்டவா என்று கேட்டார். கொஞ்சம் குறைக்கலாம் என்றார் தலைவர். குறைத்துவிட்டு மாடியார் பேசினார்.

"ஐயா, நான் படிக்காதவன். எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். ஒருத்தருக்கு மட்டும் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தா நான் அவர் ஆளுன்னு சொல்லலாம். ரெண்டு பேருக்குக் கொடுத்திருந்தா மூணாவது ஆளுக்கு நான் எதிரின்னு சொல்லலாம். நான் மூணு பேருக்கும் ஒரே தரத்துல, ஆளுக்கு ஆறு கொடுத்திருக்கேன். இதுக்குப் பேரு தொடர்பா? யாரு ஜெயிச்சு வந்தாலும் ஊருக்கு நல்லது நடக்கணும்னு நினைக்கிறவன் நான். யாரு வந்தாலும் நாளைக்கே கையெழுத்துப் போட்டு நல்லதைத் தொடங்கிடலாம். இந்த ஊர்ல யாருமே இந்த மாதிரி பாரபட்சம் பாக்காம இருந்ததில்ல."

காலர் ஆய்வாளர் கை தட்டினார். தலைவர் அவரைக் கண்டித்தார், விசாரணையில் ஒருவர் மட்டும் தட்டக் கூடாது என்று. அதனால் எல்லோரும் தட்டினார்கள்.

"நடுநிலைமைக்கு இந்த ஊரில் இதற்கு முன் இவ்வளவு தெளிவான ஆதாரம் கிடைத்ததில்லை" என்று தலைவர் சொல்ல, சுருக்கெழுத்தாளர் எழுதினார். "பதினெட்டு ஆதாரங்கள்."

பிறகு என்னை முன்னால் வரச் சொன்னார். லேபிள் வழக்கத்தை நான்காவது தடவையாகச் சொன்னேன். சொன்னதைப் பதிவு செய்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை மேசையில் வைத்தார்கள். முதலில் தலைவர் போட வேண்டும். அவர் குனிந்தார்.

அவர் காலர் பின்பக்கம் வெளியே திரும்பிக் கிடந்தது.

ஒரு விரல் அகல நாடா. சிவப்பு நூல். மூன்றாவது எழுத்தின் வாலை மேலே சுழித்துவிடுவது என் மனைவியின் கை வாகு, வேறு யாரும் அப்படித் தைப்பதில்லை. போன வருடம் மாடியார் நான்கு சட்டைக்குச் சாம்பல் நிறத் துணி கொடுத்து, யாரோ பெரியவர் ஒருவருக்கு என்று அளவுச் சீட்டு மட்டும் அனுப்பியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தோள் இறக்கம் அதிகம் என்று அந்தச் சீட்டில் குறித்திருந்தது. அந்தத் தோள் இதோ இருந்தது.

அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். பூதக்கண்ணாடி இரண்டடி தூரத்தில் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விரலை மட்டும் நீட்டியிருந்தாலும் போதும்.

என் கை என்னைக் கேட்காமல் நீண்டது. முப்பத்தோரு வருடப் பழக்கம். கடைக்கு வருகிறவர் யாருக்குக் காலர் திரும்பியிருந்தாலும் கை தானாகப் போகும். இரண்டு விரலால் அந்தக் காலரை எடுத்து, லேபிளை உள்ளே தள்ளி, மடித்து, மேலே ஒரு தடவை நீவிவிட்டேன்.

"நன்றி" என்றார் தலைவர், நிமிராமலே.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். மனைவி எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு வாசித்தார்கள். கட்டடக்காரருக்கும் வேட்பாளர்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் காணப்படவில்லை. துணி அவர் கையிலிருந்து வேட்பாளர் கைக்குப் போகவில்லை, தையல்காரர் கைக்குத்தான் போயிருக்கிறது. வேட்பாளர்களை உடம்பில் தொட்டு அளவெடுத்தவர் தையல்காரர். பெயரை எழுதியவர் தையல்காரரின் மனைவி. ஆகவே இந்த நான்கு கனவான்களையும் இணைக்கிற ஒரே நபர் தையல்காரர் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. வாரியத்தின் பதினோரு வருட வரலாற்றில் நிரூபணமான முதல் தொடர்பு இது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். பதிவாளர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய பதினோரு வருட உழைப்பு அது. என் கையைக் குலுக்கினார்.

தண்டனை என்று பெரிதாக எதுவும் இல்லை. தொடர்புள்ளவர் என்று பதிவானவர், தொடர்புடைய விஷயத்தில் ஆட்சேபம் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் மனைவியின் கடிதத்தைப் புகாரிலிருந்து பிரித்து, 'ஏற்பதற்கில்லை' என்று முத்திரை குத்தி என்னிடமே கொடுத்துவிட்டார்கள். தொலையவில்லை. அந்த வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள். அப்புறம், பொது அமைதி கருதிப் பதினெட்டுச் சட்டைகளிலும் லேபிளைப் பிரித்தெடுக்க வேண்டும். வாரியத்தின் மேற்பார்வையில், அங்கேயே.

மறுநாள், எண்பத்தொன்பதாம் நாள், நானும் மனைவியும் பதினோராவது மாடியில் உட்கார்ந்து பிளேடால் பிரித்தோம். தைக்கிறதைவிடப் பிரிக்கிறது கஷ்டம், துணி கிழியாமல் ஒவ்வொரு தையலாக அறுக்க வேண்டும். காலர் ஆய்வாளர் ஒவ்வொரு லேபிளையும் உறையில் போட்டு ஒட்டி, மேலே 'ரகசியம்' என்று எழுதினார். மதியம் தலைவரின் டிரைவர் ஒரு பையோடு வந்தார். உள்ளே நான்கு சாம்பல் நிறச் சட்டைகள்.

"இதையும் ஐயா பாத்துடச் சொன்னார். லிஸ்ட்ல சேக்க வேணாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தாள் ஒட்டிய கண்ணாடியைப் பார்த்தேன். அவளே அந்த நான்கையும் எடுத்துப் பிரித்தாள்.

"நேத்து ஏங்க மடிச்சு விட்டீங்க?" என்று கேட்டாள், வீடு திரும்புகிற வழியில்.

"தெரியல."

"பயந்தீங்களா?"

"இல்ல. காலர் திரும்பியிருந்துச்சு."

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்குச் சட்டை தைத்ததே நான்தான். மேலே கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அவள் விட்டுவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவும் தூரத்தில் எங்கேயோ, பக்கத்து வீட்டில் அழுகிற குழந்தை மாதிரி கேட்டது.

தேர்தல் நடந்தது. யார் ஜெயித்தார் என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நீலம். பதவியேற்ற அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவைத்துவிட்டு, எட்டுக் கடைக்காரர்களின் கண்ணீர் தன் கண்ணிலும் இருப்பதாகச் சொன்னார். தோற்ற டாக்டரும் வக்கீலும் பக்கத்திலேயே நின்றார்கள். பிள்ளையைக் கிள்ளியவர்கள் மூன்று பேரும் சேர்ந்து தொட்டிலை ஆட்டினார்கள்.

கடையை இடித்த அன்று நாங்கள் எதிர்ச் சாரியில் நின்றோம். இரண்டு தையல் மிஷின், வெட்டுகிற மேசை, ஒரு பீரோ, பாத்திர மூட்டை. முன்சுவர் விழுந்தபோது அந்தக் கண் படம் போட்ட போஸ்டரும் அதோடு விழுந்தது. மேசையை மழையில் நனையாமல் வைக்க வேறு இடமில்லாமல் மச்சான் வீட்டு மாடிப்படியின் கீழ் வைத்தோம். நாங்களும் கிட்டத்தட்ட அதற்குப் பக்கத்தில்தான் படுத்தோம். மச்சான் வீட்டுக்காரி ஒவ்வொரு காலையும், "இன்னிக்கு எங்கயாவது எடம் பாக்கப் போறீங்களா அண்ணே?" என்று அன்பாகக் கேட்பாள்.

மூன்றாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. இடம் போன எட்டுப் பேருக்கும் புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், எட்டுக்கு ஆறடியில் ஆளுக்கொரு தடுப்பு அறை. அடிக்கல் விழாவில் மேடைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அங்கேயே அதற்கான டோக்கன் தரப்படும். கூடவே ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒரு சட்டை. வெள்ளை, ரெடிமேட். விழாவில் அதைத்தான் போட்டுக்கொண்டு வர வேண்டும். அளவு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். தெரிந்திருக்கவில்லை. தோள் இரண்டு அங்குலம் இறங்கி, கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது. முப்பத்தோரு வருடத்தில் அடுத்தவன் தைத்த சட்டையை நான் போட்டதில்லை.

"போகத்தான் வேணுமா?" என்றேன்.

"எட்டுக்கு ஆறுல மேசை போடலாம்" என்றாள் மனைவி. "ஒரு மிஷின் போடலாம். படுக்கறதுக்கு வேற பாத்துக்கலாம்."

போனோம். எங்கள் கடை இருந்த இடத்தில் பந்தல். எங்கள் அடுப்பு இருந்த இடத்தில் ஒலிபெருக்கி. மேடைக்குப் பக்கவாட்டில் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள், எல்லோருக்கும் ஒரே வெள்ளை. சலூன்காரருக்குச் சட்டை பிடித்தது, செருப்புக் கடைக்காரருக்குப் பொத்தானே போட முடியவில்லை. மேடையில் மேயர், மாடியார், இரண்டு பக்கமும் தோற்றவர்கள், நடுவில் சிறப்பு விருந்தினராக வாரியத் தலைவர். அவர் அன்று போட்டிருந்தது என் சாம்பல் நிறச் சட்டை. காலர் ஒழுங்காக மடிந்திருந்தது.

எனக்குப் பிடரியில் அரித்தது. ஏதோ குத்துகிற மாதிரி இருந்தது. கையை விட்டுத் தடவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. மனைவி கவனித்துவிட்டாள். அவள் எங்கே போனாலும் மணிபர்சில் ஒரு பாதி பிளேடைக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பாள். அதை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள்.

"குனிங்க. லேபிள் வச்சிருப்பான். எடுத்துடறேன்."

குனிந்தேன். காலரைத் திருப்பினாள். நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பார்த்தாள்.

"என்ன?"

"பேரு இருக்கு."

"மாடியார் பேரா?"

"அவரு பேருதான். ஆனா லேபிள் இல்லங்க. தைக்கவே இல்ல. துணியிலயே அச்சடிச்சிருக்கான்."

"பிரிக்க வராதா?"

"எதைப் பிரிக்கறது? வெட்டினா சட்டைதான் கிழியும்."

மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். யார் பெயரையும் சொல்லவில்லை. "வெள்ளைச் சட்டைக்காரங்க எல்லாரும் மேல வாங்க" என்றார்கள். மனைவி பிளேடைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். என் காலரை எடுத்து, உள்ளே தள்ளி, மடித்து, மேலே ஒரு தடவை நீவிவிட்டாள்.

நான் மேலே ஏறினேன்.